உங்கள் ரீஃபண்ட் உங்கள் கணக்குக்குத்தான் வரும்

சம்பளத்திலோ வைப்புநிதி வட்டியிலோ டிடிஎஸ் அதிகமாகப் பிடித்துவிட்டால், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். அது நீங்கள் கூடுதலாகக் கட்டிய சொந்தப் பணம். ஆனால் அதை யார் கணக்கில் வாங்கலாம் என்பதில் பல வீடுகளில் தவறான எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: மனைவிக்கு வரவேண்டிய ரீஃபண்டைக் கணவர் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

உண்மை: முடியாது. 2019 மார்ச் 1 முதல், பான் எண் இணைந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரித்துறை ரீஃபண்டை அனுப்புகிறது. வரித்துறையின் இணையதளத்தில் கணக்கு எண்ணைச் சேர்த்ததும் அந்த விவரம் வங்கிக்குப் போகும். பானும் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பான் அட்டையில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர் என்றிருந்தாலே சிக்கல்தான். அப்படியிருக்க, கணவரின் கணக்கு எப்படிச் செல்லும்? சம்பாதிக்கும் ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரில், தன் பான் இணைந்த கணக்கு ஒன்றை வைத்திருக்கவேண்டும். வரவு செலவு பார்ப்பது யாராக இருந்தாலும் சரி.

நம்பிக்கை: ரிட்டர்ன் போட்டுத் தருபவர் தன் கணக்கில் வாங்கி, கட்டணம் போக மீதியைத் தருவார்.

உண்மை: அவர் கணக்குக்கும் அதே விதிதான். அப்படிச் சொல்பவரிடம் பான் விவரத்தையோ ஓடிபியையோ கொடுக்காதீர்கள். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேரம் பேசுபவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. கொடுக்காத வாடகை, கொடுக்காத நன்கொடை என்று எழுதித் தொகையைக் கூட்டிக் காட்டுவார்கள். பின்னர் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். வரியையும் வட்டியையும் கட்டுவதோடு, பொய்க் கணக்கால் குறைந்த வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் விழலாம்.

நம்பிக்கை: பழைய கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டால் பணம் போனது போனதுதான்.

உண்மை: போகாது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. அதுபோல வங்கிகள் இணைந்து ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறும்போது ரீஃபண்ட் திரும்பிவிடுவது உண்டு. இணையதளத்தில் சரியான விவரத்தைச் சேர்த்து, சரிபார்ப்பு முடிந்தபின் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' விண்ணப்பம் கொடுத்தால் பணம் மீண்டும் வரும். துறையின் தாமதத்துக்கு மாதம் அரை சதவீதம் வட்டியும் உண்டு. நம்மால் ஆன தாமதத்துக்குக் கிடையாது. வாங்கும் அந்த வட்டியையும் வருமானத்தில் காட்டவேண்டும்.

நம்பிக்கை: அப்பா காலமாகிவிட்டார், அவர் செல்போன் நம்மிடம் இருப்பதால் ஓடிபி போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: அது சட்டப்படி சரியல்ல. இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் பான், வாரிசின் பான், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு இணையதளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவுசெய்யவேண்டும். ஒப்புதல் கிடைத்தபின் அவர் சார்பில் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம், ரீஃபண்டும் கோரலாம்.

நம்பிக்கை: 'ரீஃபண்ட் தயார், கணக்கு எண்ணை உறுதிசெய்ய லிங்கைத் தொடுங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் உடனே தொடவேண்டும்.

உண்மை: தொடவே கூடாது. பின் எண், கடவுச்சொல், கார்டு விவரம் எதையும் வரித்துறை குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேட்பதில்லை. சந்தேகம் இருந்தால் துறையின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே அந்தத் தளத்தில் உங்கள் வங்கிக் கணக்குப் பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா, சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா, ரீஃபண்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா. வீட்டுப் பெரியவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்துகொடுங்கள்.