அகழி சூழ்ந்த திடல்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக், எசெக்சு முதலிய மாவட்டங்களில் வயல்வழிச் செல்வோர், நாற்புறமும் அகழி சூழ்ந்த வெறுந்திடல்களைக் காண்பர். அந்நாட்டில் இத்தகையவை ஏறத்தாழ 6,000 உள. பெரும்பாலன 1250-க்கும் 1350-க்கும் இடையே அமைந்தவை.

திடலின்மீது அன்று நிலக்கிழாரின் வீடு இருந்தது. பெரும்படையைத் தடுக்க இவ்வகழி போதாது. கள்வரைத் தடுக்கும், மீன் வளர்க்க உதவும், எல்லாவற்றினும் மேலாக, உடையவரின் பெருமையை ஊரார்க்கு உணர்த்தும்.

அகழப்பெற்றமையின் அதனை நாம் அகழி என்றோம். அதற்குரிய 'மோட்' என்னும் ஆங்கிலச் சொல்லோ முதலில் மேட்டையே குறித்தது! தோண்டிய மண் மேடாவது இயல்பன்றோ?

வீடுகள் பல மறைந்தன. ஆயினும் அகழிச் சேற்றுள் காற்றுப் புகாமையின், அக்காலத்து மரத்துண்டும் தோலும் விதையும் மட்காது கிடத்தல் உண்டு. அகழியை வடித்து உழுதுவிட்டாலோ, சேறு உலரும். 700 ஆண்டு கெடாதிருந்தவை விரைவில் மட்கிப்போம்.