எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு ஃப்ளூரசன்ஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கப்போகிறோம். சிக்னல்-நாய்ஸ் விகிதம் அதிகமுள்ள கருவியையே எடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த எண்ணைப் பெரும்பாலும் தூய நீரின் ராமன் சிதறலை வைத்துத்தான் எடுக்கிறார்கள். 350 நானோமீட்டரில் தூண்டினால் 397-இல் உச்சம் வரும். ஆனால் ஸ்லிட் அகலத்தை 5-இலிருந்து 10 நானோமீட்டர் ஆக்கினாலே எண் எகிறிவிடும். நாய்ஸைக் கணக்கிடும் சூத்திரமும் ஆளுக்கொன்று. ஒரே ஸ்லிட், ஒரே சூத்திரம், ஒரே அளவீட்டு நேரம் என்று எழுதிக் கொடுத்து எல்லா விற்பனையாளர்களிடமும் அந்த எண்ணை மறுபடி கேளுங்கள். அதைவிட, உங்கள் மாதிரியையே கொடுத்து அளந்து காட்டச் சொல்வது மேல். ஒளிபட்டு வெளுக்கும் சாயம் என்றால், விட்டுவிட்டு மின்னும் செனான் விளக்கு நல்லது. 900 நானோமீட்டருக்கு மேல் ஒளிரும் பொருளுக்கு வழக்கமான ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் போதாது. மாற்று விளக்கின் விலையையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். தாமாக அதைச் சொல்லும் விற்பனையாளர் அபூர்வம்.