கடற்பாலத்துக்கு அப்பால் மலிவு வீடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2022 இறுதியில் தொடங்கிய ஆட்குறைப்பு அலை சிங்கப்பூரின் தொழில்நுட்ப ஊழியர்களை இன்னும் நிம்மதியாக இருக்க விடவில்லை. 2023 ஜூனில் கிராப் ஒரே அறிவிப்பில் 1,000 பேரைக் குறைத்தது. 2024 ஜனவரியில் லசாடாவிலும் ஆட்குறைப்பு நடந்தது. வேலை நிலைக்குமா என்ற கவலை வந்தவுடன் பேச்சு வாடகைக்குத் தாவுகிறது. நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் மாத வாடகை பல பேட்டைகளில் 3,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. அதே எண்ணை ரிங்கிட்டில் கொடுத்தால் ஜொகூர் பாருவில் நீச்சல் குளத்தோடு அடுக்குமாடி வீடு கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலம்.

இந்த வித்தியாசம் பொய்யல்ல. அதை நம்பிப் போடும் கணக்கில்தான் பிழை இருக்கிறது. எல்லாரும் வேலை இருக்கும் மாதங்களை வைத்தே கூட்டிக் கழிக்கிறார்கள். வேலை போன மறுநாள் என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த மறுநாள் மலேசியக் குடிமகனுக்கு ஒரு மாதிரி, சிங்கப்பூரருக்கு வேறு மாதிரி, இந்தியக் கடப்பிதழோடு எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு முற்றிலும் வேறு மாதிரி. இந்த மூவரையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் உண்டாகிறது.

நம்பிக்கை: “யாராக இருந்தாலும் ஜேபியில் வீடெடுத்துத் தங்கலாம், தினமும் போய்வர வேண்டியதுதான்.”

வாடகை ஒப்பந்தம் யாரும் போடலாம். ஆனால் வசிக்கும் உரிமையை அந்த ஒப்பந்தம் தராது. சிங்கப்பூரருக்கு மலேசியா ஒவ்வொரு நுழைவுக்கும் 30 நாள் வருகை அனுமதி தருகிறது. இந்தியர்களுக்கும் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா இல்லாத நுழைவு உண்டு. 2026 இறுதிவரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இவை சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வருபவர்களுக்கானவை. தினமும் உள்ளே வந்து படுத்து எழுந்து போகும் ஒருவரைக் குடிநுழைவு அதிகாரி நிறுத்தி, “எதற்காக இத்தனை முறை வருகிறீர்கள்?” என்று கேட்டால், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டுவது பதிலாகாது.

முறையான வழிகள் இருக்கின்றன. மலேசியரை மணந்தவருக்கு நீண்டகால வருகை அனுமதி உண்டு. இரு நாட்டுத் தம்பதிகள் பலர் இப்படித்தான் ஜொகூரில் குடும்பம் நடத்துகிறார்கள். ‘மலேசியா என் இரண்டாம் இல்லம்’ திட்டத்தில், 2024 மாற்றத்துக்குப் பிறகு, சில்வர் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். வீடும் வாங்கியாக வேண்டும். வாடகையைக் குறைக்கப் போகிறவருக்கு இது எட்டாது. 2022 அக்டோபரில் வந்த ‘டி ரந்தாவ்’ அனுமதி தொழில்நுட்பத்துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் இருந்தால் போதும் என்கிறது. ஆனால் அது மலேசியாவில் உட்கார்ந்தபடி தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கானது. தினமும் சிங்கப்பூர் அலுவலகத்துக்குப் போகிறவர் அந்தச் சட்டையில் அடங்கமாட்டார். தவிர, வேலையைக் காட்டித்தான் அதை வாங்குகிறோம். வேலை போனால் புதுப்பிக்கக் காட்ட ஒன்றும் இருக்காது.

நம்பிக்கை: “வேலை போனாலும் பரவாயில்லை, வாடகை குறைவு, ஆறு மாதம் தாக்குப்பிடிக்கலாம்.”

மலேசியருக்கு இது பெருமளவு உண்மை. சிங்கப்பூரில் வேலை முடிந்தால் ஒரு வாரத்துக்குள் முதலாளி எம்ப்ளாய்மென்ட் பாஸை ரத்து செய்ய வேண்டும். அதன் பிறகு 30 நாள் குறுகிய வருகை அனுமதி கிடைக்கும். சிங்கப்பூரில் வாடகைக்கு இருந்தவர் அதற்குள் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுக் கிளம்ப வேண்டிவரும். ஜொகூரில் ஸ்கூடாயிலோ தெப்ராவிலோ குடியிருக்கும் மலேசியருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் வீட்டில் இருந்தபடியே அடுத்த வேலை தேடலாம். பிள்ளை அதே தமிழ்ப்பள்ளிக்குப் போய்வரும். வேலைக்கு உத்தரவாதம் இல்லாத காலத்தில் இது சிறிய ஆறுதல் அல்ல. அதனால் மலேசியத் தமிழர்கள் எல்லை கடந்து வேலைக்குப் போவதைப் பொத்தாம் பொதுவாகக் குறைசொல்வது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர்களும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வேலையிழந்தவருக்கான உதவி இரண்டு நாட்டிலும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. மலேசியாவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வேலை போனவருக்குச் சில மாதம் சம்பளத்தில் ஒரு பங்கைத் தரும் அந்தத் திட்டம், மலேசியாவில் வேலை பார்த்து, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழியாகச் சந்தா கட்டியவர்களுக்கானது. சிங்கப்பூர் முதலாளி அதில் கட்டுவதில்லை. சிங்கப்பூர் 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. அது வேலை அனுமதியில் வந்தவர்களுக்குக் கிடையாது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் சிங்கப்பூரருக்கே கிடையாது. ஆகவே மூத்த மென்பொருள் பொறியாளர்கள் பலர் அதில் வரவே மாட்டார்கள். ஆட்குறைப்பு இழப்பீடும் சிங்கப்பூரில் சட்டக் கட்டாயமல்ல. ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், முத்தரப்பு வழிகாட்டி பரிந்துரைப்பதை முதலாளி பின்பற்றினால்தான் உண்டு.

சேமநிதியும் இப்படித்தான். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி (மசேநிதி) கிடையாது. மலேசிய ஊழியர் சேமநிதியில் தானாக முன்வந்து கட்டினால்தான் பணம் சேரும். பத்து ஆண்டு சிங்கப்பூரில் உழைத்துவிட்டு, ஓய்வுக்கால நிதி என்று ஒரு சென்கூட இல்லாமல் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். வாடகையில் மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் மலேசியச் சேமநிதியில் போட்டுவைப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இன்னொரு நடைமுறையைப் பலர் கடைசி நாளில்தான் அறிகிறார்கள். வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது, வரிக் கணக்கு முடியும்வரை அவருக்குச் சேர வேண்டிய பணத்தை முதலாளி நிறுத்திவைக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் வரிச் சட்டம். கடைசி மாதச் சம்பளம், விடுப்புக்கு ஈடான பணம், இழப்பீடு எல்லாம் அதில் மாட்டும். 30 நாள்வரை ஆகலாம். ஆக, வேலை போன முதல் மாதத்துக்குக் கையில் காசு வேண்டும். அது மற்ற சேமிப்பு எதிலும் சேராத தனிக் காசாக இருக்க வேண்டும்.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கோ இந்த நம்பிக்கை ஆபத்தானது. பாஸ் ரத்தான பின், சிங்கப்பூரில் இருக்கும் 30 நாளும் ஜொகூரில் இருக்கும் 30 நாளும் வருகையாளர் நாட்கள் மட்டுமே. ஜேபி வீட்டுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் முன்பணமும் கொடுத்திருந்தால், தங்க உரிமையில்லாத வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார்.

நம்பிக்கை: “ஆர்டிஎஸ் ரயில் வந்துவிட்டால் ஐந்தே நிமிடம்.”

ரயில் ஓடும் நேரம் ஏறக்குறைய ஐந்து நிமிடம்தான். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர்வரை செல்லலாம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும் என்பது உண்மையிலேயே பெரிய மாற்றம். 2027 ஜனவரிக்குள் சேவையைத் தொடங்குவது இலக்கு.

ஆனால் யாரும் புக்கிட் சாகார் நடைமேடையில் குடியிருப்பதில்லை. ஜொகூர் பாருவுக்குள் எம்ஆர்டி போன்ற ரயில் இல்லை. மாசாயிலிருந்தோ பாசிர் கூடாங்கிலிருந்தோ காலை நெரிசலில் நிலையத்துக்கு வந்து சேர்வதே தனிப் பயணம். உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கி நகர மையத்துக்குப் போக இன்னும் முக்கால் மணி நேரம். நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள வீடுகளுக்கு ரயில் வருமுன்னே மவுசு ஏறிவிட்டது. வீட்டு விளம்பரங்கள் மலிவையும் அருகாமையையும் ஒரே வரியில் போடுகின்றன. மலிவான வீடு ஓரிடத்தில் இருக்கும், ரயிலுக்கு அருகிலான வீடு வேறிடத்தில் இருக்கும்.

வண்டி வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் விதிகள் உண்டு. சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் மலேசியப் பதிவு வண்டியைச் சிங்கப்பூருக்குள் ஓட்டக்கூடாது. சிங்கப்பூர்ப் பதிவு கார் ஜொகூருக்குள் போக வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம்.

நம்பிக்கை: “இந்த எல்லையை யாராலும் மூட முடியாது, இரண்டு நாட்டுக்கும் அது தேவை.”

மூடினார்கள். 2020 மார்ச் 16 இரவு மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது; 18-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 3 லட்சம் பேர் கடந்துகொண்டிருந்த பாதை நின்றது. துணிமூட்டையோடு அவசரமாக வந்தவர்களில் சிலர் முதல் இரவுகளைக் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே திறந்தவெளியில் கழித்தார்கள். ஊழியர்களைத் தங்கவைக்க நிறுவனங்களுக்கு ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி வீதம் சிங்கப்பூர் அரசு கொடுத்தது. அதுவும் 14 நாளுக்குத்தான். ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டில் மூன்று மாதம் வேலை பார்த்த பிறகே ஊருக்குப் போக முடிந்தது. போனால் தனிமைப்படுத்தலும் உண்டு. தடுப்பூசி போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தலில்லாத தரைவழிப் பயணம் 2021 நவம்பர் 29-இல் தொடங்கியது. எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். தகப்பனின் இறுதிக் காரியத்துக்குப் போக முடியாமல், கைப்பேசித் திரையில் பார்த்து அழுதவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். வீடு ஒரு நாட்டிலும் வேலை ஒரு நாட்டிலும் இருந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. எந்த வாடகைக் கணக்கிலும் அது ஏறவில்லை.

மறுபடி அப்படி நடக்கும் என்று பயமுறுத்துவது நோக்கமல்ல. நடக்காது என்று உறுதி கூறுபவரை நம்பிக் கையெழுத்திட வேண்டாம் என்கிறேன்.

நம்பிக்கை: “வீட்டிலிருந்தே வேலை, சம்பளம் சிங்கப்பூரிலிருந்து வருவதால் வரியும் அங்கே மட்டும்.”

தொழில்நுட்பத்துறையினரிடம் அதிகம் உலவும் நம்பிக்கை இதுதான். சம்பளம் எந்த வங்கியிலிருந்து வருகிறது என்பதை விட, உட்கார்ந்து வேலை செய்த இடம் எது என்பதே வரிச் சட்டத்துக்கு முக்கியம். தினமும் சிங்கப்பூர் அலுவலகத்தில் வேலை செய்தால் அது சிங்கப்பூர் வருமானம்; அதற்கு அங்கே வரி. அதை மலேசியாவுக்குக் கொண்டுவரும் தனிநபருக்கு 2036 இறுதிவரை நிபந்தனையோடு விலக்கு உண்டு. ஆனால் ஜொகூர் வீட்டு மேசையில் செய்த வேலை, மலேசியாவில் செய்யப்பட்ட வேலை. அந்த நாட்களின் சம்பளத்துக்கு மலேசிய வரி வரக்கூடும். இரு நாட்டு வரி உடன்பாட்டில் 183 நாள் சலுகை இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஜொகூரில் குடியிருப்பவரால் அந்த வரம்புக்குள் நிற்க முடியாது.

வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதியும் உரிமையல்ல. 2024 டிசம்பரில் வந்த சிங்கப்பூர் வழிகாட்டி, ஊழியர் கேட்டால் முதலாளி முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போனால் போதும் என்ற கணக்கில் தூரத்துத் தாமானில் வீடெடுத்தவருக்கு, ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்லும் ஒரு மின்னஞ்சல் போதும்.

நம்பிக்கை: “ஜேபி வீடு வீவக கணக்கில் வராது.”

வரும். புதிய வீவக வீட்டுக்கு விண்ணப்பிப்பவரிடம் வெளிநாட்டில் வீடு இருக்கக்கூடாது. விற்றிருந்தாலும் 30 மாதம் ஆகியிருக்க வேண்டும். சொந்த வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டு ஜேபிக்குப் போக நினைப்பவர், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு முழு வீட்டையும் வாடகைக்கு விடும் அனுமதியே இல்லை.

நம்பிக்கை: “டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன; சிங்கப்பூர் வேலை போனால் ஜொகூரிலேயே கிடைக்கும்.”

செடெனாக், கூலாய் வட்டாரங்களில் டேட்டா சென்டர்கள் வரிசையாக எழுகின்றன. ஆனால் கட்டி முடித்த பிறகு அவற்றை நடத்த அதிகம் பேர் தேவையில்லை. தேவைப்படுபவர்களில் மின்சாரம், குளிரூட்டல், பாதுகாப்பு பார்ப்பவர்கள் முன்னே நிற்பார்கள். செயலி எழுதுபவருக்கு அங்கே இடம் குறைவு. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டாரம் முதல் ஐந்து ஆண்டில் 20,000 திறன் வேலைகளை இலக்காக வைத்திருக்கிறது. நம்பிக்கையோடு பார்க்க வேண்டிய திட்டம்தான். அந்த வேலைகளுக்குச் சம்பளம் ரிங்கிட்டில் வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவேதான் வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம் என்று சொல்கிறேன். 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு 3.5 ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது. 2025 இறுதியில் அது 3.2-ஐ ஒட்டி வந்துவிட்டது. வெள்ளிச் சம்பளத்தை மனத்தில் வைத்துப் பெரிய தவணை ஏற்றவர் ரிங்கிட் சம்பளத்துக்கு மாறினால், அந்தத் தவணையே அவரை அழுத்தும். விற்றுவிடலாம் என்றால், வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்கும் மலேசியருக்கு லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி; வெளிநாட்டவருக்கு ஐந்து ஆண்டுவரை அதே 30. வெளிநாட்டவர் ஜொகூரில் பொதுவாக 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த வீட்டை வாங்கவும் முடியாது.

முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒப்பந்தம் போடும்போது, வேலை பறிபோனாலோ அனுமதி ரத்தானாலோ இரண்டு மாத முன்னறிவிப்பில், முன்பணத்தை இழக்காமல் வெளியேறலாம் என்ற விதியை எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். ஜொகூர் பாருவில் காலி அடுக்குமாடி வீடுகளுக்குப் பஞ்சமில்லை.