இன அடையாளமும் இயற்கைவள முரண்பாடும்: மூலவைகைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

இயற்கைவள உரிமைப் பூசல்கள் பெரும்பாலும் இன, மொழி அடையாளங்களின் பெயரால் பேசப்படுகின்றன. அவ்வடையாள எல்லையும் வளத்தால் பயன்பெறுவோர், இழப்போர் எல்லையும் ஒன்றாக அமைகின்றனவா என்னும் வினாவை, முல்லைப் பெரியாற்றுச் சிக்கலை முன்வைத்து மயிலாடும்பாறைப் பகுதியிலிருந்து இக்கட்டுரை ஆராய்கிறது.

முரண்பாட்டின் தோற்றம்

1886-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. 1895-இல் அணை பயன்பாட்டிற்கு வந்தது. அவ்வுடன்படிக்கையின் தரப்பினர் அரசுகளே; மொழியினங்கள் அல்ல. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, தமிழர் கோரிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்ந்தன. அணை அமைந்த நிலமும் அவற்றுடன் சென்றது. அதன்பின் நீருரிமைச் சிக்கல் மொழியினச் சாயல் பெற்றது. 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தும் உரிமையை 2014-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2011 இறுதியில் எழுந்த எல்லைப் பதற்றத்தில், இடுக்கித் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கினர்.

அடையாளத்துள் அடங்காதோர்

பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கில் பாய்ந்து, தேனிக்கு அருகில் வைகையை அடைகிறது. வருசநாட்டு மலையில் தோன்றும் மூலவைகையின் கரையிலுள்ள மயிலாடும்பாறை அக்கூடலுக்கு மேலே அமைந்துள்ளது. ஆதலின் ஐந்து மாவட்டங்களுக்குப் பயன்படும் அந்நீர் இவ்வூர்ப் பாசனத்திற்கு எட்டுவதில்லை. மழை பொய்த்தால் ஆறு மணலாகிறது. மாவட்டமும் மொழியும் ஒன்றாயினும் நீர்நிலை வேறு.

அணைக்குக் கீழேயுள்ள வண்டிப்பெரியாற்றுப் பகுதியில் வாழ்வோருள் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் உளர். அணையின் பாதுகாப்புப் பற்றிய அச்சம் அவர்களுக்கும் உரியது. பளியரோ எல்லையின் இருபுறமும் வாழும் பழங்குடியினர். நீர்வழக்கின் தரப்பினர் மாநிலங்களே ஆதலின், அவர்தம் குரலுக்கு அதில் தனியிடம் இல்லை. அவர்களது உரிமைவினா காட்டைச் சார்ந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் அவ்வினாவின் இருமுனைகள்.

முடிவுரை

மொழியின அடையாளம் ஐந்து மாவட்ட உழவரின் நியாயமான கோரிக்கைக்கு வலிமை சேர்த்தது; அதனை மறுத்தற்கில்லை. ஆயினும் அது கோரிக்கையின் மொழியேயன்றி இழப்பின் அளவுகோல் அன்று. எதிர்நிறுத்தப் பிற இனம் இன்மையால், மூலவைகைக் கரையின் நீர்க்குறை இன உரிமைச் சிக்கலாக வடிவெடுக்கவில்லை. எனவே, இத்தகு ஆய்வுகள் மாநில எல்லையிலன்றி ஆற்றின் ஓட்டத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.