மூலப்பத்திரம் எங்கே?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

‘தி டா வின்சி கோட்’ நாவலை வாசித்து முடித்த கையோடு, “இதில் எதுதான் சித்தி நிஜம்? இத்தனை நாள் நம்மிடம் மறைத்துவிட்டார்களா?” என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் கடிதம்.

கதை உன்னைத் தூங்கவிடவில்லை என்றால் அதில் தப்பே இல்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் முடிச்சுப் போட டான் பிரவுனுக்குத் தெரியும். ஆனால் “இந்தப் புத்தகம் நிஜமா, பொய்யா” என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. பாரிஸ் நிஜம், லூவர் நிஜம், லியோனார்டோ நிஜம். ஓபஸ் டேய் 1928-இல் ஸ்பெயினில் தொடங்கிய நிஜமான கத்தோலிக்க அமைப்பு. கற்பனை இவற்றோடு தோளோடு தோள் உரசி நடக்கிறது, அதனால்தான் அடையாளம் தெரிவதில்லை. ஒவ்வொரு கூற்றையும் தனியாகப் பிரித்தெடு. இதற்குப் பின்னால் என்ன தாள் இருக்கிறது, அதை எழுதியது யார், எப்போது என்று கேள்.

கதை தொடங்குவதற்கு முன்னால், ‘உண்மை’ என்ற தலைப்போடு ஒரு பக்கம் இருக்கிறதே, அதைத் திரும்ப எடுத்து வாசி. சியோன் மடம் என்ற ரகசிய சபை 1099-இல் நிறுவப்பட்டது, அதன் தோல்சுவடிகள் 1975-இல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன என்கிறது. கதையில் வரும் கலைப்படைப்புகள், கட்டடங்கள், ஆவணங்கள் பற்றிய விவரங்கள் சரியானவை என்கிறது. இயேசு மகதலா மரியாவைத் திருமணம் செய்துகொண்டார் என்று அந்தப் பக்கம் சொல்லவே இல்லை, கவனித்தாயா? அதைச் சொல்கிறவர்கள் கதாபாத்திரங்கள். கதாபாத்திரம் பேசுவதற்கு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆனால் ‘உண்மை’ என்ற பக்கத்தைத் தாண்டி வந்த நமக்கு, பின்னால் வரும் பேச்சும் உண்மை போலவே காதில் விழுகிறது.

சரி, அந்தப் பக்கம் உறுதியாகச் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். சியோன் மடத்துக்குத் தாள் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அது 1956-ஆம் ஆண்டுத் தாள். பிரான்சின் கிழக்கு எல்லையில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் அன்மாஸ் என்ற ஊர். அங்கே பியேர் ப்ளாந்தார் என்பவரும் நண்பர்களும் சேர்ந்து அந்த ஆண்டு முறைப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். பக்கத்தில் உள்ள சியோன் என்ற குன்றின் பெயரையே வைத்தார்கள். ஜெருசலேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சங்கம் நடத்திய இதழ், மலிவு வாடகைக் குடியிருப்பில் இருப்பவர்களின் பிரச்சினைகளைப் பேசியது.

அதன்பிறகு ப்ளாந்தாருக்கு ஆசை பெரிதானது. பிரான்சின் பழைய மெரோவிஞ்சிய அரச வம்சத்தின் வாரிசு தான்தான் என்று நிலைநாட்ட விரும்பினார். 1967-இல் ஒரு கோப்பு பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தட்டச்சுத் தாள்கள், வம்சாவளி வரைபடங்கள், செய்தித்தாள் துணுக்குகள், சியோன் மடத் தலைவர்களின் பட்டியல். லியோனார்டோ, நியூட்டன், விக்டர் ஹியூகோ எல்லோரும் அந்தப் பட்டியலில்தான் முதன்முதலாகத் தலைவர்கள் ஆனார்கள். தோல்சுவடி என்று நாவல் சொல்வது இந்தக் கோப்பைத்தான். ‘கண்டெடுக்கப்பட்டது’ என்ற சொல்லையும் பார். வைத்தவர்களே மற்றவர்களுக்கு வழிகாட்டி எடுக்கவைத்தது அது. இதே கதைக்குத் துணையாக, ரென்-லெ-ஷாத்தோ என்ற கிராமத்துத் தேவாலயத்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட சுவடிகளையும் ப்ளாந்தாரின் நண்பர் ஃபிலிப் த ஷெரிசேதான் தயாரித்தார். பின்னால் அவரே அதை ஒத்துக்கொண்டார். 1993-இல் வேறொரு வழக்கின் விசாரணையில் நீதிபதி கேட்டபோது, சியோன் மடத்துக் கதை தன் கற்பனை என்று ப்ளாந்தாரும் ஒப்புக்கொண்டார். நாவல் வந்தது 2003-இல்.

நம் ஊரில் நிலம் வாங்கப் போகிறவர் பதிவான பத்திரத்தைப் பார்த்ததும் பணத்தை நீட்டிவிடுவதில்லையே. மூலப்பத்திரம் எங்கே, அதற்கு முந்தைய உரிமையாளர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. நூலகத்தில் இருக்கிறது என்பதற்கும் அதே கேள்விதான். அரசு நூலகம் ஒரு தாளை வாங்கி எண் போட்டு வைக்கும். அதில் இருப்பது உண்மை என்று சான்றிதழ் தராது.

ப்ளாந்தாரின் கதையில் இயேசுவின் சந்ததி கிடையாது. அதைச் சேர்த்தது 1982-இல் லண்டனில் வெளிவந்த ‘தி ஹோலி பிளட் அண்ட் தி ஹோலி கிரெயில்’ என்ற புத்தகம். அதன் ஆசிரியர்கள் மூவரில் இருவர், டான் பிரவுன் தங்கள் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார் என்று நாவலின் பதிப்பாளர் மீது வழக்குப் போட்டு, 2006-இல் தோற்றார்கள். ஆக, கதை வந்த வழி முழுக்கத் தெரிகிறது: ஒரு சங்கம், ஒரு கோப்பு, ஒரு ‘வரலாற்று’ நூல், ஒரு நாவல். ஒவ்வொரு படியிலும் முந்தைய படி ஆதாரமாகிவிட்டது.

இயேசு மகதலா மரியாவை முத்தமிட்டார் என்று பழைய நற்செய்தி சொல்கிறதே என்று கேட்பாய். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே விவசாயிகள் தோண்டியபோது கிடைத்த தோலட்டை ஏடுகளில் பிலிப்பு நற்செய்தியும் ஒன்று. போலி இல்லை, உண்மையிலேயே பழைய ஏடு. நீ சொல்லும் வரியும் இருக்கிறது. ஆனால் எங்கே முத்தமிட்டார் என்று வர வேண்டிய இடத்தில் ஏடு சிதைந்து ஓட்டை விழுந்திருக்கிறது. ‘வாயில்’ என்பது பதிப்பாசிரியர்கள் ஊகித்து அடைப்புக்குறிக்குள் போட்ட சொல். கையாகவும் இருக்கலாம், நெற்றியாகவும் இருக்கலாம். அதோடு, அந்த நூலைப் போற்றிய ஞானவாதக் குழுக்களுக்கு முத்தம் ஆன்மிக அறிவு கைமாறுவதன் அடையாளம். நாவலில் ஓட்டையும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. எந்தப் பழைய நூலின் மேற்கோளைப் பார்த்தாலும், அச்சில் அடைப்புக்குறி இருந்ததா என்று தேடிப் பார்.

325-இல் கூடிய நீசேயா சங்கத்தில்தான் இயேசுவைக் கடவுளாக்க ஓட்டுப் போட்டார்கள், நூலிழையில் ஜெயித்தது என்று நாவலில் வருவதும் நிற்காது. வந்திருந்த ஆயர்களில் கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டே பேர். தகராறு, மகன் தந்தைக்கு நிகரா, படைக்கப்பட்டவரா என்பதில். இயேசு வெறும் மனிதர் என்று அங்கே யாரும் வாதாடவில்லை. எந்த நற்செய்திகளை வைத்துக்கொள்வது என்று அந்தச் சங்கம் தீர்மானம் போட்டதாகவும் பதிவில்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை அப்படியே வரிசையிட்ட முதல் பட்டியல் 367-இல் ஆயர் அத்தனாசியு எழுதிய கடிதத்தில் வருகிறது.

ஆனால் மகதலா மரியா விஷயத்தில் நாவல் ஒரு மெய்யான காயத்தைத் தொட்டிருக்கிறது. அதை மறுத்தால் நான் உனக்கு நேர்மையாக எழுதியவள் ஆக மாட்டேன். அவர் விலைமகள் என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை. லூக்கா நற்செய்தியில் பெயர் சொல்லாமல் வரும் பாவியான பெண்ணை அவரோடு ஒன்றாக்கி, 591-இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரைதான் மேற்கே அந்தப் பிம்பத்தை நிலைநிறுத்தியது. உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் கண்டவராக யோவான் காட்டும் பெண், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓவியங்களில் அழுது வருந்தும் வேசியாகவே நின்றார். 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் ரோம் அந்தக் குழப்பத்தை விலக்கியது. அப்போஸ்தலர்களுக்கு உரிய விழாத் தகுதி அவருக்கு 2016-இல் கிடைத்தது. எனக்கு இதில் கோபம் உண்டு. அவருக்கு நடந்த அநியாயத்துக்கு ஈடு கட்ட, நாவல் அவரை ஒருவரின் மனைவியாகவும் குழந்தைக்குத் தாயாகவும் ஆக்குகிறது. சாட்சி சொன்னவர் என்ற இடம் அவருக்குப் போதாதா?

2006-இல் படம் வந்தபோது தமிழ்நாடு உட்பட சில மாநிலங்கள் அதைத் தடைசெய்தன. எனக்கு அது சரியாகப் படவில்லை. தடைசெய்தால், மறைக்க ஏதோ இருக்கிறது என்ற நாவலின் வாதம்தான் வலுக்கும். பாரிஸில் உள்ள சான் சுல்பீஸ் தேவாலயத்தார் செய்தது நல்ல வேலை. தரையில் ஓடும் பித்தளைக் கோடு 18-ஆம் நூற்றாண்டு வானியல் கருவியின் பகுதி, நாவலில் வருவதுபோல் இங்கே புறமதக் கோயில் எதுவும் இருந்ததில்லை என்று எழுதி, அந்தக் கோட்டருகிலேயே மாட்டிவைத்தார்கள்.

கதைதானே, விடுங்கள் சித்தி என்பாய். விட முடியாததற்குக் காரணம் ஒன்று உண்டு. 1868-இல் ஹெர்மன் கோட்ஷே என்ற ஜெர்மானியர் புனைபெயரில் எழுதிய ‘பியாரிட்ஸ்’ நாவலில் ஓர் அத்தியாயம் வரும். பிராக் நகரின் யூதக் கல்லறையில் நள்ளிரவில் யூதத் தலைவர்கள் கூடி உலகை வளைக்கத் திட்டமிடுவதாக அதில் எழுதினார். முழுக்கக் கற்பனை. சில ஆண்டுகளில் அந்த அத்தியாயம் மட்டும் தனியாகப் பிரிந்து, ரஷ்யாவில் துண்டுநூலாக, நடந்த நிகழ்ச்சியாகச் சுற்றியது. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் 1903-இல் ஒரு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நாளிதழில் வந்த ‘சியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணம். 1921-இல் லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் ஃபிலிப் கிரேவ்ஸ் அதன் பத்திகளையும், 1864-இல் மோரிஸ் ஜோலி மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி எழுதிய நூலின் பத்திகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். பல பத்திகள் அப்படியே திருட்டு. ஜோலியின் நூலில் யூதர் பற்றிய பேச்சே இல்லை. இத்தனை தெளிவாக அம்பலமான பிறகும் நாஜிகள் அதைப் பள்ளிகளில் படிக்கவைத்தார்கள். ஒரு மதத்தாரைப் பற்றி ‘இவர்கள் ரகசியமாகக் கூடிச் சதி செய்கிறார்கள்’ என்று வரும் எந்தக் கதையையும் இதை நினைக்காமல் என்னால் வாசிக்க முடிவதில்லை.

நாவலில் வரும் டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர் வீரர்களைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை பிரான்சில் அவர்களைக் கைதுசெய்தது நிஜம். ஆணையிட்டது மன்னர் நான்காம் பிலிப்பு. திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து அவர்களை எரித்துச் சாம்பலை டைபர் நதியில் கொட்டினார் என்று நாவல் சொல்வது நடந்திருக்கவே முடியாது. அவர் அப்போது ரோமில் இல்லை, பிரான்சில் இருந்தார். வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் யார் கண்ணிலும் படாத தாள் ஒன்றும் மெய்யாகவே இருந்தது. தவறான இடத்தில் பட்டியலிடப்பட்டுக் கிடந்த அதை 2001-இல் பார்பரா ஃப்ராலே என்ற இத்தாலிய ஆய்வாளர் கண்டுபிடித்தார். 1308-இல் ஷினோன் கோட்டையில் கார்டினால்கள் மூவர் டெம்ப்ளர் தலைவர்களை விசாரித்து, பாவமன்னிப்பு வழங்கிய பதிவு அது. அப்படி மன்னிக்கப்பட்ட தலைவர் ஜாக் த மோலேயை 1314-இல் பாரிஸில் எரித்துக் கொன்றார்கள். மன்னித்த திருத்தந்தையால் ஏன் அவரைக் காப்பாற்ற முடியவில்லை? ஃப்ராலேயின் புத்தகத்தை வாசித்துவிட்டு, உனக்குத் தோன்றுவதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சித்தி