புவியியல் பட்டம்: வரவும் கடனும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் நமது குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. மகள் கலைப்பிரிவில் சித்தியடைந்துவிட்டாள். பேராதனையில் புவியியல் படிக்க விரும்புகின்றாள். "இதைப் படித்து என்ன உத்தியோகம்? நகையை அடகு வைத்துப் படிப்பிக்கத்தான் வேண்டுமா?" என்று தகப்பனார் கேட்கின்றார். இக்கேள்வியில் தவறேதுமில்லை. ஆனால் கோபத்தோடு பேசித் தீர்க்காமல், கணக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

1. கட்டணம் எவ்வளவு?

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இன்றும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர் பட்டப்படிப்புக்கெனப் போதனைக் கட்டணம் செலுத்துவதில்லை. இங்கிலாந்தில் 2012 இல் ஆண்டுக்கு 9,000 பவுண் வரை உயர்ந்த கட்டணம் பின்னர் அதையும் தாண்டிவிட்டது; அங்கே குடியேறிய நமது உறவினரின் பிள்ளைகள் அதைக் கடனாகவே சுமக்கின்றனர். 2023 இன் பின் படிப்பைத் தொடங்கியோர்க்கு அக்கடன் 40 ஆண்டுகள் வரை தொடரலாம். "பட்டம் என்றால் கடன்" என்று வெளிநாட்டிலிருந்து வரும் பேச்சை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கலாகாது.

2. கடன் எங்கிருந்து வருகின்றது?

சாப்பாடு, விடுதி, பஸ் கட்டணம், புத்தகம், போட்டோப் பிரதி ஆகியவற்றிலிருந்தே வருகின்றது. மாதம் 20,000 ரூபாய் செலவு என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 1981 இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த 7,500 ரூபாய் கிடைத்தால் குறைவது 12,500 ரூபாய். ஆண்டுக்கு 10 மாதம் வீதம் 4 ஆண்டுகளுக்கு 5 இலட்சம். புலமைப்பரிசில் கிடையாவிடின் 8 இலட்சம். கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பகுதிகளில் வீட்டிலிருந்தே போய்வரும் பிள்ளைக்கு இது வெகுவாகக் குறையும். நுவரெலியாவுக்கு அப்பாலுள்ள தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் குறையாது.

3. கண்ணுக்குத் தெரியாத செலவு

தனியார் துறைக்குச் சட்டம் விதித்துள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். நான்கு ஆண்டுகள் வேலைக்குப் போகாமல் படிப்பவர் 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாயைக் கைவிடுகின்றார். அடகுக் கடையில் வைத்த நகையை விடப் பெரிய தொகை இதுவே.

பட்டம் பெற்றபின் மாதம் 25,000 ரூபாய் மேலதிகமாக உழைத்தால், இதனை ஈடுசெய்ய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் செல்லும். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் சும்மா இருந்தாலோ, ஏழு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே குடும்பத்தைத் தாழ்த்துவது படிப்பு அன்று. படிப்பின் பின் வரும் காத்திருப்பே.

4. காத்திருப்பு புதியதன்று

1971 இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த குழு, இலங்கையில் படித்தவர்களின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை விரிவாக ஆராய்ந்தது. 2020 இலும் அரசாங்கம் வேலையற்ற 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாகச் சேர்க்க வேண்டியிருந்தது. எவருக்கும் அரச உத்தியோகம் நிச்சயம் என்று எண்ணி நகையை எடுத்துச் செல்லாதீர்கள்.

5. புவியியலின் பெறுமதி

எனினும் மலைநாட்டில் புவியியல் வெறும் மனனப் பாடமன்று. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்ட லயன்களை மூடிற்று. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எந்த லயனை அகற்ற வேண்டும், மழைநீர் எவ்வழி ஓடும் என்பதை வரைபடத்தில் காட்ட வல்லவர் நமக்குத் தேவை. அவர் தோட்ட மக்களோடு தமிழில் பேசக் கூடியவராயின், எச்சரிக்கை உரிய வீட்டை உரிய நேரத்தில் சென்றடையும்.

ஆனால் பட்டச் சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. கணினியில் வரைபடம் தயாரிக்கும் புவியியல் தகவல் முறைமை, புள்ளிவிபரவியல், ஆங்கிலம், சிங்களம் ஆகியனவும் வேண்டும். கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. முதலாண்டிலேயே பழகத் தொடங்கிய பிள்ளை ஆசிரியத் தொழிலை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புவோர்க்கு 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் பொல்கொல்லையில் உண்டு. தமக்கேற்ற பாடநெறி எது, கட்டணம் எவ்வளவு என்று அங்கே விசாரிக்கலாம்.

6. பெற்றோருக்குச் சில யோசனைகள்

கடன் வாங்குமுன் நான்கு ஆண்டுச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதிக வட்டிக்கு வாங்காதீர்கள். நூற்றுக்குப் பதினெட்டு வட்டியில் ஓர் இலட்சம் எடுத்தால், வட்டி மட்டும் நான்கு ஆண்டில் 72,000 ரூபாய். மகனுக்கு மறுக்காத செலவை மகளுக்கு மறுக்காதீர்கள். "உனக்காகத்தான் கடன்பட்டோம்" என்று நாள்தோறும் சொல்லிப் பிள்ளையின் மனத்தில் பாரமேற்றாதீர்கள். கணக்கை மட்டும் ஒளிக்காமல் காட்டுங்கள். பட்டம் முடிந்ததும் விரும்பிய உத்தியோகம் வரும்வரை, கிடைத்த நேர்மையான வேலையைச் செய்வது இழிவன்று என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டில் கலந்துரையாட:

அ. நமது வீட்டில் படிப்புக்காக எவ்வளவு கடன் தாங்கும்? அதற்கு மேல் தேவைப்பட்டால் என்ன செய்வோம்?

ஆ. பட்டத்துடன் வேறெந்தத் திறமையைப் பிள்ளை கற்கப் போகின்றார்? எந்த ஆண்டில்?

இ. உடனே வேலை கிடையாவிடின் முதல் ஆறு மாதங்களில் என்ன செய்வார்?

இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் தகப்பனாரும் மகளும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை. ஒரே கணக்கைச் சேர்ந்து பார்ப்பவர்களாவர்.