காக்பிட்டுக்கு முன் வகுப்பறை

கேள்வி: விமானி ஆவதற்கான ஏட்டுப் படிப்பில் என்னென்ன பாடங்கள் உண்டு?

பதில்: இந்தியாவில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட, ‘சிபிஎல்’ எனப்படும் வணிக விமானி உரிமம் வேண்டும். அதை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ. உரிமத்துக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் 200 மணி நேரப் பறத்தல் அனுபவமும் வேண்டும். இவற்றோடு டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும். தேர்வு எழுதுவதற்கு முன் டிஜிசிஏவிடம் ‘கம்ப்யூட்டர் நம்பர்’ என்ற பதிவு எண் பெறுவது கட்டாயம்.

தேர்வுப் பாடங்கள் ஐந்து: ஏர் நேவிகேஷன், வானிலையியல், ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். கேள்விகள் கொள்குறி வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு தாளிலும் 70 சதவீத மதிப்பெண் தேவை. ரேடியோவில் பேசுவதற்கான ‘ஆர்டிஆர்’ சான்றுக்குத் தனித் தேர்வு உண்டு; அதில் வாய்மொழிப் பகுதியும் இருக்கிறது.

கேள்வி: இந்தப் பாடங்களில் உண்மையில் எதைப் படிக்கிறார்கள்?

பதில்: விமானம் ஏன் பறக்கிறது, இறக்கை எந்த நிலையில் தூக்குவிசையை இழக்கிறது, எஞ்சினும் கருவிகளும் எப்படி இயங்குகின்றன என்பவை டெக்னிக்கல் ஜெனரல். மாணவர் பயிற்சி பெறும் விமான வகையைப் பற்றியது டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். செஸ்னா 172-இல் பறப்பவருக்குக் கேள்விகள் அதைப் பற்றியே வரும். யாருக்கு யார் வழிவிட வேண்டும், எந்த வான்வெளியில் எந்த அனுமதி வேண்டும் என்பன போன்ற சட்டங்கள் ஏர் ரெகுலேஷன்ஸில் அடங்கும்.

வானிலையியல் மேகங்களின் பெயர்களோடு நின்றுவிடுவதில்லை. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை அளந்துதான் உயரத்தைக் காட்டுகிறது. கடல்மட்டத்தை ஒட்டி, 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் சுமார் 27 அடி உயரத்துக்குச் சமம். அழுத்தம் 1013 ஆக உள்ள ஊரிலிருந்து 1003 ஆக உள்ள ஊருக்குச் செல்லும் விமானி கருவியைத் திருத்தி அமைக்க மறந்தால், விமானம் கருவி காட்டுவதைவிட ஏறக்குறைய 270 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். மேகமூட்டத்தில் மலையை நெருங்கும்போது அது உயிர் போகும் வித்தியாசம்.

வெப்பத்துக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. லே விமான நிலையம் 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. திட்ட வளிமண்டலக் கணக்குப்படி அங்கே வெப்பநிலை மைனஸ் 6 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். கோடைப் பகலில் 25 டிகிரியைத் தொட்டால் காற்றின் அடர்த்தி மேலும் குறைந்து, 14,000 அடிக்கு மேல் இருப்பதைப் போன்ற காற்றில் விமானம் புறப்பட நேர்கிறது. எஞ்சினின் உந்துவிசை குறைகிறது. மேலெழும்பக் கூடுதல் வேகமும் அதிக ஓடுபாதையும் தேவைப்படுகின்றன.

நேவிகேஷன் முழுக்கக் கணக்கு. காற்று பக்கவாட்டில் தள்ளினால் விமானத்தின் மூக்கை எத்தனை பாகை திருப்ப வேண்டும், போய்ச்சேர எவ்வளவு நேரமும் எரிபொருளும் ஆகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘60-க்கு 1’ என்ற விதி மனக்கணக்குக்கு உதவுகிறது: 60 நாட்டிக்கல் மைல் பறந்தபின் பாதையிலிருந்து 4 மைல் விலகியிருந்தால், திசைப் பிழை சுமார் 4 பாகை.

கேள்வி: இன்று எல்லாவற்றையும் கணினியே கணக்கிடும்போது இது எதற்கு?

பதில்: கணினி தனக்குத் தரப்பட்ட எண்ணை நம்பியே கணக்கிடும். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் எரிபொருள் மானிகள் வேலை செய்யவில்லை. தொட்டியில் இருந்ததை லிட்டரில் அளந்து எடைக்கு மாற்றினார்கள். லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ என்பதற்குப் பதிலாக 1.77 பவுண்டு என்ற எண்ணால் பெருக்கியதால், 22,300 கிலோ வேண்டிய விமானம் 22,300 பவுண்டோடு, அதாவது பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பியது. கணினியில் 22,300 கிலோ என்றே பதிவாகியிருந்தது. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் விமானத்தைச் சறுக்கவிட்டே கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தனர். விடை சரியான அளவில் இருக்கிறதா என்று மனத்துக்குள் சரிபார்க்கும் பழக்கத்தை உண்டாக்குவதே ஏட்டுப் படிப்பின் நோக்கம்.

கேள்வி: எந்த வரிசையில், எப்படிப் படிப்பது நல்லது?

பதில்: பிளஸ் டூ அளவிலான இயற்பியலும் கணிதமும் அடித்தளத்துக்குப் போதும். முதலில் டெக்னிக்கல் ஜெனரல், அடுத்து வானிலையியல், அதன்பின் நேவிகேஷன் என்று போனால் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும்; காற்று, அழுத்தம், வெப்பநிலை மூன்றும் புரியாமல் நேவிகேஷன் கணக்கு பிடிபடாது. நினைவாற்றலை அதிகம் கேட்கும் ஏர் ரெகுலேஷன்ஸைத் தேர்வை ஒட்டிப் படிக்கலாம். டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக்கைப் பறத்தல் பள்ளி முடிவான பிறகு எடுத்துக்கொள்வதே சரி.

பழைய கேள்விகளின் தொகுப்பை மனப்பாடம் செய்து 70 சதவீதம் வாங்கிவிட முடியும். ஆனால் விமான நிறுவனங்களின் நுழைவுத் தேர்விலும் நேர்காணலிலும் ‘ஏன்’ என்ற கேள்வி வரும்போது அந்த மதிப்பெண் கைகொடுக்காது. தொகுப்பு பயிற்சிக்கு உதவும். பாடநூலின் இடத்தை அதற்குத் தரக் கூடாது.

கேள்வி: வெளிநாட்டில் படித்தால்? உரிமம் கிடைத்தபின் படிப்பு முடிந்துவிடுமா?

பதில்: ஐரோப்பிய முறையில் பாடங்கள் 13, தேர்ச்சிக்கு 75 சதவீதம், எல்லாவற்றையும் 18 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். வெளிநாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற விரும்புவோர், ஏர் ரெகுலேஷன்ஸ் தாளையும், நேவிகேஷனும் வானிலையியலும் சேர்ந்த ‘காம்போசிட்’ தாளையும் டிஜிசிஏவில் எழுத வேண்டும்.

சிபிஎல்லோடு படிப்பு முடிவதில்லை. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில் துணை விமானியாக அமர, அந்த வகைக்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சி வேண்டும். அதிலும் வகுப்பறைப் பாடம் உண்டு. கேப்டன் பொறுப்புக்கான ‘ஏடிபிஎல்’ உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரப் பறத்தலும் தேவை. அதற்கும் தனியே எழுத்துத் தேர்வுகள் இருக்கின்றன.